கொட்டுக்கு யாருடைய கையெழுத்து?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ரசித்தேன். போன தை மாசம், மார்கழிக் கச்சேரிகள் முடிந்து சபாக்கள் ஓய்ந்திருந்த சமயம், சென்னையில் ஓர் அரங்கத்தில் லத்தீன் இசையும் நடனமும் பார்த்தேன். ஒரு கூட்டத்துக்காக ராஜபாளையத்தில் பொதிகை ஏறிப் போனவள் நான். கூட்டம் முடிந்த மறுநாள் சாயங்காலம் தோழி ஒருத்தியிடம் கூடுதலாக ஒரு டிக்கெட் இருந்தது. அதில் போட்டிருந்த விலையைப் பார்த்தேன். எங்க அம்மா நூல் மில்லில் இரண்டு ஷிப்ட் நின்றால் வருகிற கூலி. அந்தக் கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொட்டு ஆரம்பித்துவிட்டது. கணக்கு நின்றுபோனது.

ஊருக்குத் திரும்பி பஞ்சு மார்க்கெட் டீக்கடையில் இதைச் சொன்னேன். "சல்சா பாக்கப் போனீங்களா தோழர்? நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் கூட இருந்த தோழர். நக்கல்தான். ஆனால் அது வெறும் நக்கல் மட்டுமில்லை. தலித் ஒருத்தி எதை ரசிக்கலாம், எதை ரசித்தால் அவளிடம் விளக்கம் கேட்பார்கள் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. மேல்சாதிக்காரன் ஒருவன் அதே அரங்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவனிடம் யாரும் 'சம்பந்தம்' கேட்கப்போவதில்லை. அவன் ரசிகன். நான் மட்டும் காரணம் சொல்ல வேண்டும். சரி, சொல்கிறேன்.

மேடையில் ஒன்பது பேர். பியானோ, கிதார், டிரம்பெட் எல்லாம் பின்னால். முன்வரிசையில் கோங்கா, போங்கோ, டிம்பாலே. கோங்கா அடித்தவர் ஒரு பெண். ஓரத்தில் நின்றவரின் கையில் இருந்தது இரண்டே இரண்டு மரக்கட்டை. ஒன்றின் மேல் ஒன்றைத் தட்டினார். மூணு தட்டு, அப்புறம் ரெண்டு தட்டு. கிளாவே என்று அதற்குப் பெயர். அந்தக் கட்டைக்கும் அதே பெயர்தான், அந்தத் தாளத்துக்கும் அதே பெயர்தான். பியானோ எங்கே சுற்றிப் போனாலும், டிரம்பெட் எவ்வளவு உசரத்தில் கத்தினாலும், இந்த அஞ்சு தட்டுக்குள்தான் வந்து அடைய வேண்டும். பாட்டு தெரியாது, பாஷை தெரியாது. ஆனால் என் கால் அதைப் பிடித்துக்கொண்டது. எங்க தெருவில் பிறந்த கால் வேறென்ன செய்யும்?

இந்த இசைக்கு 'லத்தீன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். லத்தீன் ரோமாபுரி ஆண்டைகளின் மொழி. அதன் வழிவந்த ஸ்பானியமும் போர்த்துகீசியமும் அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலில் வந்து இறங்கிய எசமான்களின் மொழிகள். அதே கடலில் கப்பலின் அடித்தட்டில் விலங்கு போட்டுக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க சனங்களுடையது இந்தக் கொட்டு. கியூபாவில் அடிமைமுறை 1886இல்தான் ஒழிந்தது. பிரேசிலில் 1888இல். கியூபாவின் ஹவானா, மதான்சாஸ் துறைமுகங்களில் மூட்டை சுமந்த கருப்பு உழைப்பாளிகள் சரக்குப் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அடித்து ஆடியதுதான் ரும்பா. கிளாவேக் கட்டைகூட, கப்பல் கட்டும்போது பலகையை இறுக்க அடித்த மர ஆணியிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். ஆக கொட்டு சேரியுடையது, பெயர் மட்டும் ஆண்டையுடையது. நம்ம ஊரில் 'நாட்டுப்புறக் கலை', 'கிராமியக் கலை' என்று சொல்கிறார்களே, அதுவும் இந்த வேலையைத்தான் செய்கிறது. கிராமம் என்று ஒன்று அடித்ததாம்! கிராமமா அடித்தது? கிராமத்துக்கு வெளியே வைக்கப்பட்ட தெரு அடித்தது.

இங்கே எங்க அப்பாவைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம் எங்களுக்கு. பறை என்று புத்தகத்தில் எழுதுவதை எங்க தெருவில் தப்பு என்போம், கொட்டு என்போம். அப்பா கொட்டுக்காரர். ஊர்த்தெருவில் ஒரு கேதம் விழுந்தால் ராத்திரியோ மத்தியானமோ ஆள் வரும். போகணும். பிணம் எடுக்கிற வரைக்கும் அடிக்கணும். அடித்தவர்களுக்குக் கூலி உண்டு, சாராயம் உண்டு, புறவாசல் பக்கம் இலை உண்டு. வீட்டுக்குள் தண்ணி கிடையாது. இறங்கிப்போன தோலைக் காய்ச்ச நெருப்பு மட்டும் தாராளமாகக் கொடுப்பார்கள்.

2009இல் நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். செத்த மாட்டை இழுக்காதே, இழிதொழிலைச் செய்யாதே என்று 1927இல் மகத்தில் அம்பேத்கர் பேசியதை அப்போதுதான் படித்திருந்தேன். எங்க தெருவில் கூட்டம் போட்டோம். இனிமேல் ஊர்க்கேதத்துக்குக் கொட்டடிப்பதில்லை, கேதம் சொல்லப் போவதில்லை, குழி வெட்டுவதில்லை. தீர்மானத்தை எழுதியவள் நான். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கைநாட்டு வைத்தார். அடுத்த ஆறு மாசம் காட்டு வேலைக்கு யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. தாங்கினோம். ஜெயித்தோம். அந்தத் தீர்மானத்தில் ஒரு எழுத்தைக்கூட இன்றைக்கும் நான் அடிக்க மாட்டேன்.

ஆனால் அப்பா தப்பை அடுப்படிப் பரணில் போட்டவர், எங்க காளியம்மன் பொங்கலுக்கும் அதை எடுக்கவில்லை. அண்ணன் கல்யாணத்துக்கும் எடுக்கவில்லை. ஸ்பீக்கர் செட்டு வந்தது. நாங்களும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஊரானுக்கு அடிப்பது வேறு, நமக்கு நாம் அடிப்பது வேறு என்று அந்தத் தீர்மானத்தில் ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. தொழிலை விட்டது சரி. தப்பை விட்டது தப்பு. சென்னை அரங்கத்தில் அந்தப் பெண் கோங்காவின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி ஒரு அடி அடித்தபோது, பதினைந்து வருஷம் பிந்தி எனக்கு உறைத்தது.

கொட்டு எப்படி மேடைக்கு வருகிறது என்பதற்கு பிரேசில் சம்பா வரலாற்றில் ஒரு கதை இருக்கிறது. ரியோ டி ஜெனிரோவில் ஜோவா டா பயானா என்று ஒரு கருப்பு இசைக்காரர். பாண்டெய்ரோ வாசிப்பார். வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய வாத்தியம், கஞ்சிராவுக்கு அண்ணன் மாதிரி. அடிமைமுறை ஒழிந்து இருபது வருஷம் ஆன பிறகும் கொட்டு வைத்திருந்தாலே போலீஸ் பிடிக்கும் காலம் அது. 1908இல் ஒரு திருவிழாவில் அவருடைய பாண்டெய்ரோவைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டது. கொட்டு இல்லாததால் பின்ஹெய்ரோ மச்சாடோ என்கிற செனட்டர் வீட்டு விருந்துக்கு அவர் போகவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரித்த செனட்டர், புதிதாக ஒரு பாண்டெய்ரோ செய்யச் சொல்லி அதில் தன் பெயரோடு வாசகம் எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு போலீஸ் அந்தக் கொட்டைத் தொடவில்லை. பின்னாளில் அவரே சொல்லியிருக்கிற கதை இது.

செனட்டரின் நல்ல மனசு என்று இதைப் படிக்கலாம். எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. ஒரு மனுசன் தன் தாளத்தைத் தான் அடிக்க இன்னொருத்தன் கையெழுத்து வேண்டியிருந்தது என்றுதான் படிக்கிறேன். அர்ஜென்டினாவின் டாங்கோவும் இதே கதைதான். புவனோஸ் ஐரிஸ் துறைமுகத்து ஏழைக் குடியிருப்புகளிலும் தாசித் தெருக்களிலும் ஆடப்பட்டபோது அந்த ஊர்ப் பெரிய மனுசர்கள் காறித் துப்பினார்கள். முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால் பாரிஸ் நகரத்துச் சீமான்கள் அதை ஆட ஆரம்பித்ததும் அதே பெரிய மனுசர்களுக்கு அது தேசிய கௌரவம் ஆகிவிட்டது. பாரிஸின் கையெழுத்து. 2009இல் டாங்கோவுக்கும் 2016இல் கியூபா ரும்பாவுக்கும் யுனெஸ்கோ கையெழுத்துப் போட்டது. சென்னை அரங்கத்துக்கு அந்தக் கொட்டு வந்தது இத்தனை கையெழுத்தோடுதான். அதனால்தான் வாசலில் அதை யாரும் தடுக்கவில்லை.

லத்தீன் கொட்டு தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. நம்ம சனங்க அறுபது வருஷமாக அதைக் கேட்கிறார்கள், சினிமா வழியாக. 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக்கிய பாட்டு ஒன்று உண்டு. டி.எம். சௌந்தரராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும் பாடியது. எம்.எஸ். விஸ்வநாதன் திரையில் தோன்றி வாத்தியக் கோஷ்டியை நடத்துவார். லத்தீன் தாளம் துள்ளும். அந்தக் காலத்து விஸ்வநாதன் இசையில் போங்கோ சத்தம் சர்வசாதாரணம். ஆனால் அந்தத் தாளம் பெரும்பாலும் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று கவனியுங்கள். குடும்பத்துக் கதாநாயகி பூஜை அறையில் பாடினால் வீணையும் மிருதங்கமும். கிளப்பில் ஆடுகிறவளுக்கும் வில்லன் கூடாரத்தில் கோப்பை ஏந்தி வருகிறவளுக்கும் போங்கோவும் டிரம்பெட்டும். கற்புக்கு ஒரு தாளம், கற்பில்லாததுக்கு ஒரு தாளம். வாத்தியத்திலும் ஊர், சேரி பிரித்துவிட்டார்கள். கிளப் பாட்டுக்கென்று வைத்திருந்த குரல் எல்.ஆர். ஈஸ்வரியுடையது. ஆடி மாசம் எங்க தெருக் குழாயில் மாரியம்மனைக் கூப்பிடுகிற குரலும் அதே ஈஸ்வரியுடையதுதான்! சினிமாக்காரன் பிரித்ததை எங்க சனங்க ஒரே ஸ்பீக்கரில் சேர்த்துவிட்டார்கள். மாரியாத்தாளுக்கும் கிளப்புக்காரிக்கும் ஒரே தொண்டை என்பதில் எங்க கிழவிகளுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. இதைவிடப் பெரிய கட்டுடைப்பை எந்த விமர்சகன் செய்துவிட்டான்?

இனி நம்மைப் பற்றி. மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம்மை விட்டால் அது விமர்சனம் ஆகாது.

நம்ம இயக்க மேடைகளில் பறை வந்துவிட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்து உலகமே பார்க்க ஆடினார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடந்தது. கானாவும் ராப்பும் பறையும் கிதாரும் ஒரே மேடையில். 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி உங்களுக்கு மட்டும் பட்டா போட்ட மாசமா என்று கேட்ட நிகழ்ச்சி அது. இவையெல்லாம் சாதனைகள். சந்தேகமே இல்லை.

ஆனால் நாம் பறையைப் பற்றி எழுதும்போது என்ன எழுதுகிறோம்? 'ஆதி இசை', 'போர்ப்பறை', 'விடுதலைக் கருவி', 'எதிர்ப்பின் குரல்'. ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ். செனட்டர் போட்ட கையெழுத்தை இப்போது நாம் போடுகிறோம். ஆதியில் இருந்ததால் அது உசத்தி, போராடுவதால் அது உசத்தி. சும்மா சந்தோஷத்துக்கு அடித்தால்? ஒரு அந்தி நேரத்தில் வேலை விட்டு வந்த மனுசன் தெருமுக்கில் உட்கார்ந்து, எதிர்ப்பு ஒன்றுமில்லாமல், கை அரிப்புக்கு நாலு அடி அடித்தால் அதுக்கு நம்மிடம் சொல் இருக்கிறதா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், எங்க மண்ணுக்கு அடுத்த மண்ணான புதுப்பட்டியில் பிறந்தவர் பாமா. 1992இல் 'கருக்கு' வந்தது. அதை எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்! வலி, அவமானம், கண்ணீர் என்றே எழுதினார்கள். அதே புத்தகத்தில் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டுகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சிரிப்பு இருக்கிறது, கேலி இருக்கிறது. அதை எழுதிய கட்டுரைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் 1993இல் 'தலித் பண்பாடு' எழுதி, நம்ம சனங்களின் வாழ்க்கைமுறையே ஆதிக்கப் பண்பாட்டுக்கு எதிரான கலகம் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தார். 2024 நவம்பரில் அவர் காலமானார். அவரிடம் கற்ற நாம் கலகத்தை எடுத்துக்கொண்டோம். அதில் இருந்த கும்மாளத்தை விட்டுவிட்டோம். அம்பேத்கர் வயலின் கற்றுக்கொண்டாரே, அது எந்தப் போராட்டத்துக்காக? எதுக்காகவும் இல்லை. அவருக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

கையெழுத்து இல்லாமல் இருப்பது சுலபமில்லை என்று எனக்கும் தெரியும். ராஜ் கௌதமன் காலமான அடுத்த மாசம், 2024 டிசம்பர் 15 அன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இளையராஜாவின் 'திவ்ய பாசுரம்' இசை, நாட்டிய நிகழ்ச்சி நடந்தது. சாமி கும்பிடப் போன அவர் அர்த்த மண்டபத்துக்குள் கால் வைத்தபோது வெளியே நிற்கச் சொல்லப்பட்டார் என்று செய்தி பரவியது. அர்ச்சகர்கள் தவிர வேறு யாருக்கும் அங்கே அனுமதியில்லை, அதுதான் மரபு என்றது அறநிலையத் துறை. பரப்பப்படுவது பொய்ச் செய்தி, தன் சுயமரியாதையை எங்கேயும் விட்டுக்கொடுப்பவன் இல்லை என்றார் இளையராஜா. சொன்னவர்கள் சொன்னது இருக்கட்டும். என் கேள்வி வேறு. அந்தச் செய்தியை ஒரே நிமிஷத்தில் தமிழ்நாடே ஏன் நம்பியது? நம்ப முடியாத செய்தி என்று ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை? பாட்டு உள்ளே போகும், பாட்டுக்காரன் எதுவரைக்கும் போகலாம் என்று கேட்டுப் பழகிய மண் இது. இதே விருதுநகர் மாவட்டத்தில்தான் 1997இல் அரசு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் நடந்தது. கடைசியில் தமிழ்நாட்டில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் தலைவர் பெயர்களையும் எடுத்தார்கள். ஒரு பெயருக்கே இந்தப் பாடு என்றால் ஒரு தாளத்துக்கு?

மறுபடி அரங்கத்துக்கு வருகிறேன். கச்சேரி முடிகிற நேரத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, வாங்க ஆடலாம் என்றார்கள். ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். ஜோடி சேர்ந்து எட்டு எண்ணி அடி வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை 'மாத்துங்க' என்பாள். பக்கத்து ஆளுக்குக் கை கொடுக்க வேண்டும். இப்படி ஏழெட்டுப் பேர் கையைப் பிடித்தேன். என் முப்பத்தாறு வயசில் தெரியாத கைகள் இத்தனை என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. யாரும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. கைபிடித்துக் கல்யாணம் செய்த குற்றத்துக்காக 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில் சங்கரை வெட்டிக் கொன்ற நாட்டில், கையைக் கொடு என்று ஒரு தாளம் சொல்கிறது, எல்லோரும் கொடுக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. அது பொய்யில்லை.

இன்னொன்றும் பொய்யில்லை. அங்கே யாரும் தெருவைக் கேட்காததற்குக் காரணம், வாசலிலேயே டிக்கெட் அதைக் கேட்டு முடித்திருந்தது. அந்த அரங்கத்தின் கழிப்பறையைத் துடைத்துவிட்டுக் கதவோரமாக நின்ற அக்கா ஒருத்தி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால் விரல்கள் தரையில் தட்டிக்கொண்டிருந்தன. அவள் கையைப் பிடித்து உள்ளே இழுக்க யாருக்கும் தோன்றவில்லை. 'மாத்துங்க' என்ற சத்தத்தில் எனக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. கும்மாளம் ஆளை மறக்கடிக்கும். அது அதன் அழகு. எந்த ஆளை மறக்கடிக்கிறது என்பதுதான் அதன் அரசியல்.

ஊருக்கு வந்ததும் செல்போனில் எடுத்திருந்ததை அப்பாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். காதருகே வைத்துக்கொண்டார். "அந்தக் கட்டை தட்டுறான் பாரு, அவந்தான் மேஸ்திரி. மத்தவனெல்லாம் அவனைச் சுத்தித்தான் வர்றான்" என்றார். எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் கிளாவேயைக் கண்டுபிடித்துவிட்டார்! "அந்தப் புள்ள கொட்டுறது என்ன தோலு?" என்று கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "கொட்டுனவங்களுக்கு எங்கிட்டு வச்சு சோறு போட்டாங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. இரண்டரை மணி நேரம் ரசித்தவளுக்குப் படாத கேள்வி, நாற்பது வருஷம் அடித்தவருக்கு முதலில் பட்டது. கலை விமர்சனம் எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியை மேஜை மேல் ஒட்டிவைத்துக்கொண்டு எழுதலாம். நானும்தான்.

எங்க தெருவில் இந்த வருஷப் பொங்கலுக்கு ஸ்பீக்கர் செட்டோடு கொட்டும் இருக்கும் என்று பேசியிருக்கிறோம். ஊர்க்கேதத்துக்குப் போவதில்லை என்ற தீர்மானம் அப்படியே இருக்கிறது. கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: நம்ம தெருவில், நம்ம நேரத்தில், நமக்குப் பிடித்தபோது அடிப்போம். ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை. பொம்பளைகள் தப்பைத் தொடக் கூடாது என்று எங்க பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். கியூபாவிலும் சாமி காரியத்துக்கு வைத்த பாட்டா கொட்டுகளைப் பெண்கள் தொடக் கூடாது என்ற விதி உண்டு. அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குள் இன்னொரு அடிமையை வைத்துக்கொள்வது எல்லாக் கண்டத்திலும் நடக்கிறது. அந்தக் கையெழுத்தையும் நாங்கள் கேட்கப்போவதில்லை. நானும் இன்னும் நாலு பெண்களும் அப்பாவிடம் உட்காரப் போகிறோம்.

சொன்னதும் அப்பா சிரித்தார். பரணிலிருந்து தப்பை இறக்கி, சட்டத்தைத் துணியால் துடைத்தார். தோல் ஒரு பக்கம் எலி கடித்திருந்தது. "அடிக்கிறது இருக்கட்டும். மொதல்ல காய்ச்சத் தெரியுமா ஒனக்கு?" என்றார்.

தெரியாது. இனித்தான் படிக்க வேண்டும்.